ஓசி மென்பொருளுக்கு நான் போட்ட வேஷம்

எங்கள் கடையில் காலையில் எனக்கு முதல் வேலை, கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழும். எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. கொடியில் துணி காயப்போட்டால் துணியில், குடத்தைத் திறந்து வைத்தால் குடத்தில், பேனர் அடிக்கிற எங்கள் கடையில் கீபோர்டில். அதைத் தட்டித் துடைத்துவிட்டு அதே கையோடு உட்கார்ந்து, நாள் முழுக்க மனிதர்களை வெளுப்பேன். பத்து வருடமாக என் பிழைப்பு அதுதான்.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், பிறந்தநாள் என்று எந்தப் பேனராக இருந்தாலும் வருகிறவர்கள் சொல்கிற முதல் வார்த்தை, "கொஞ்சம் கலர் ஏத்துப்பா." வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைத்துக் கறுத்தவர்கள், பெற்ற பிள்ளையின் முகத்தைக் காட்டி இது வேண்டாம் என்பார்கள். செத்தவர்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. ஒரு பேரன் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தான். தாத்தாவை வெளுக்கச் சொன்னான். செத்தவருக்கு எதற்குத் தம்பி கலர் என்று கேட்டேன். "ஊரே கடைசியா பாக்கப்போற மூஞ்சிண்ணே" என்றான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வெளுத்துக் கொடுத்தேன். குமட்டுகிறது என்பதற்காக யாரும் சம்பளத்தை வேண்டாம் என்பதில்லை.

இதையெல்லாம் நான் செய்துகொண்டிருந்தது, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளின் திருட்டுப் பிரதியில். யாரோ உடைத்து, யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து போட்டது. ஒருநாள் காலை, கல்யாண ஜோடி ஒன்று என் முதுகுக்குப் பின்னால் நின்று பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இது அசல் பிரதி அல்ல என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. அப்புறம் மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. மாப்பிள்ளை அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, டூப்ளிகேட்டா?"

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. அவர்கள் போனபிறகு, மாதச் சந்தா கட்டி நியாயமாக வாங்கிவிடலாம் அண்ணே என்றேன்.

"மாசா மாசம் வாடகை கட்றதுக்கு அது இன்னா வூடா நைனா? ஓசில எதுனா கீதான்னு பாரு. ஆனா ஒண்ணு, பாக்கறதுக்கு அதே மாதிரி இருக்கணும். கஸ்டமர் பின்னாடி நின்னு பாக்கறான்ல."

ஓசியில் இருந்தது. சட்டப்படியே ஓசி. எந்தெந்த ஊரிலோ யார் யாரோ கூலி வாங்காமல் உட்கார்ந்து செய்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நானோ தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தேன். வெட்டுகிற கருவி இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருந்தது. என் விரல் பழக்கத்தில் ஒரு விசையை அழுத்தினால் சம்பந்தமே இல்லாத ஒரு ஜன்னல் திறந்தது. அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடுவது போல இருந்தது. கஸ்மாலம் என்று திட்டிக்கொண்டே இரண்டு நாள் ஓட்டினேன்.

மூன்றாம் நாள் அதற்கு வேஷம் போட உட்கார்ந்தேன். இதற்கென்றே ஒருவர் சில கோப்புகளைத் தயாரித்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். அதை இறக்கிப் போட்டதும் கருவிகள் எல்லாம் பழைய வரிசைக்கு வந்தன, பின்னணி கருஞ்சாம்பல் நிறமானது, குறுக்குவிசைகள் பாதி திரும்பிவிட்டன. மீதிப் பாதியை ஒவ்வொன்றாக நானே மாற்றினேன். திரையில் இருந்த அதன் சின்னத்தை அழித்துவிட்டுக் காசு மென்பொருளின் சின்னத்தை வைத்தேன். அது திறக்கும்போது வருகிற படத்தையும் மாற்றினேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்பார்கள். இங்கே பூனை சும்மாதான் கிடந்தது. சூட்டுக்கோலைப் பிடித்திருந்தவன் நான்.

அதில் ஒரு வேலையை மட்டும் இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இந்த ஓசி மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. போனிலிருந்து எடுத்த படத்தைத் திறந்து என்ன மாற்றம் செய்தாலும், சேமி என்று கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால், அந்தப் படத்தின் மேல் கை வைக்காது. வேலையைத் தனிக் கோப்பாக வைக்கும். வந்த படம் வந்தபடியே கிடக்கும். பழைய படத்தை அழித்து அதன் மேலேயே எழுது என்று ஒரு கட்டளையும் இருக்கிறது, ஆனால் அதைப் பட்டியலில் தேடிப்போய் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய பேஜாராக இருந்தது. ஒரு நாளைக்கு நூறு படம் பார்க்கிறவனிடம் ஒவ்வொரு தடவையும் எங்கே வைக்கட்டும், என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டால் எரிச்சல் வராதா? மேலேயே எழுது என்ற கட்டளையைத் தூக்கி கன்ட்ரோல் எஸ்ஸில் வைத்தேன். என் கைக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்தது வெள்ளை. பழைய மென்பொருளில் அதற்கு ஒரு விசை வைத்திருந்தேன். அழுத்தினால் நிழல் விலகும், கறுப்பு மாநிறமாகும், மஞ்சள் குறைந்து நீலம் ஏறும். அதையே இதில் செய்து காட்டியபோது முதலாளிக்குத் திருப்தியில்லை.

"தொறக்கும்போதே வெள்ளையா தொறக்கணும் நைனா. கறுப்ப கஸ்டமர் பாக்கவே கூடாது. பாத்தாங்கன்னா மேல மேல கலர் கேப்பாங்க."

ஒரு வாரம் முட்டிமோதி, கணினியில் ஏறுகிற எந்தப் படமும் திறக்கும்போதே வெளுத்துத் திறக்கிற மாதிரி ஒரு நிரல் எழுதினேன். அதற்கு 'வெள்ளை' என்றே பெயர் வைத்தேன். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த மாதம்தான் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா வந்தார், மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் பேனர் அடிக்க. படகோ வலையோ இல்லாதவர். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பறி ஒன்று இருக்கும். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்களாம். அவர் போனிலிருந்து மகளின் படத்தை ஏற்றித் திறந்தேன். அக்கா குனிந்து பார்த்தார்.

"இது யாரு?"

"உங்க பொண்ணுதாங்க்கா."

"எம் பொண்ணு இப்டியா கீறா? மூஞ்சில சுண்ணாம்பு அடிச்சி வச்சிகீற? சொந்தக்காரங்க வந்து பேனர பாத்துட்டு, மாத்தி வேற வூட்டு விசேஷத்துக்குப் பூட்டோம்னு திரும்பிப் பூடுவாங்க. எங்க பொண்ண எங்க கலர்லயே போடு."

பத்து வருடத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். படம் போனில் இருந்ததால், வெள்ளையை நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றி, உள்ளபடியே பேனர் செய்தேன். நல்ல கறுப்பு, எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் பெரிய பொட்டு. அழகாகவே இருந்தாள். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, நம் கடைப் பெயரை இதில் சின்னதாகப் போடு என்றார். எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பைவிட, மறுநாள் காலை வெள்ளையைத் திரும்ப ஓடவிட்ட என் மேல் அதிகமாக வந்திருக்க வேண்டும். அன்று வரவில்லை.

பேனர் அடித்த சில மாதங்களில், ஆற்றில் எங்கிருந்தோ எண்ணெய் இறங்கியது. யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை, யாரும் என்னுடையது என்று சொல்லவும் இல்லை. சாம்பலோடு கலந்து தார் மாதிரி தண்ணீர் மேல் படிந்து கிடந்ததாகக் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் மாத்தூர்க்காரன், பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவன். போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, கடலும் ஆறும் ஏறி இறங்கித் தண்ணீர் ஓரளவு தெளிந்த பிறகு, நிவாரணத்துக்குப் பெயர் எழுத முகாம் போட்டார்கள். படகு வைத்திருந்தவர்கள் படகைக் காட்டினார்கள், வலை வைத்திருந்தவர்கள் வலையைக் காட்டினார்கள். கையால் இறால் பிடிப்பவர்கள் எதைக் காட்டுவது? நீங்கள் தண்ணீரில் இறங்குகிறவர்கள் என்பதற்கும், உங்கள் பக்கம் எண்ணெய் வந்தது என்பதற்கும் படம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்காவிடம் படம் இருந்தது. எண்ணெய் வந்த மறுநாளே, தொடைவரை கறுப்பு ஏறி அவர் தண்ணீரில் நிற்பதை மகள் எடுத்திருந்தாள். மொத்தம் பதினொரு படம். பட்டியலில் பெயர் ஏற அவருக்கு இருந்த ஒரே வழி அந்தப் பதினொன்றுதான். காலையில் கடை திறந்ததும் ஓடிவந்து போனை நீட்டினார்.

"செல்லு ரொம்பிப்போச்சி தம்பி, ஒரு போன்கூட எடுக்க முடியல. எல்லாத்தையும் நீ எடுத்துக்கினு இதுலேர்ந்து அழிச்சிடு. சீக்கிரமா பிரிண்டு போட்டுக் குடு, முகாமுக்குப் போவணும்."

அன்று இரண்டு கல்யாணப் பேனர் பாக்கி இருந்தது. முதலாளி பின்னால் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பதினொரு படத்தையும் கணினியில் ஏற்றினேன். போனில் திறந்துகூடப் பார்க்காமல் மொத்தமாகக் குறித்து அழித்தேன். அழித்த படங்கள் போனின் குப்பையில் ஒரு மாதம் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும், அந்தக் குப்பையையும் நல்லபிள்ளையாகக் காலி செய்து கொடுத்தேன். பதினொன்றையும் ஒரே மூச்சில் திறந்து, காகித அளவுக்கு வெட்டி, கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் எஸ் என்று பதினொரு தடவை அழுத்தினேன். காதில் போன், மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, தண்ணி நீலமா கீது?"

"ஸ்க்ரீன்ல அப்டித்தாங்க்கா தெரியும். பிரிண்டுல சரியா வந்துடும்."

எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற பொய் இது. வாடிக்கையாளர் என்ன குறை சொன்னாலும் இதைத்தான் சொல்வோம். சொல்வதற்கு நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரிண்டுகளைக் கவரில் போட்டு, முதலாளி நான்கு பக்கமும் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார். அக்கா ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினார்.

மறுநாள் பகல் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. கவரை என் கீபோர்டின் மேல் வைத்தார். ஸ்டேப்ளர் அடித்த கவரைத் தான் பிரிக்கக் கூடாது என்று நினைத்து, அப்படியே கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்திருக்கிறார். அதிகாரி பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்றாராம். அப்புறம் அக்காவைப் பார்த்தாராம், படத்தைப் பார்த்தாராம்.

"இது யாருன்னு கேட்டாம்ப்பா. நான்தான் சார்னேன். படத்துல கீற பொம்பள செவப்பா கீது, நீ வேற ஆளும்மான்னு சொல்லிட்டான். வரிசைல எல்லாரும் சிரிச்சாங்க."

எடுத்துப் பார்த்தேன். நீல ஆறு. சுற்றுலா விளம்பரத்துக்கு வைக்கலாம். நடுவில் சிவந்த ஒரு பெண் நின்றிருந்தார், கையிலும் தொடையிலும் எங்கோ லேசாக நிழல் விழுந்ததுபோல் தெரிந்தது. அந்த நிழல்தான் எண்ணெய். 'வெள்ளை' தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது.

"இந்தத் தண்ணி எங்க கீதுன்னு சொல்லு தம்பி. நாளிக்கே போயி எறங்கறேன்."

மூலப் படத்தைத் தேடினேன். இல்லை. நானே மேலே எழுதி அழித்திருந்தேன். மகள் யாருக்காவது அனுப்பியிருப்பாளா என்று கேட்டேன். வீட்டில் இருப்பதே இந்த ஒரு போன்தான் என்றார். அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். அதுவும் ஓசிதான். போன வருடத்துப் பிறந்தநாள் பேனர்கள் பத்து வந்தன, கேக்கோடு. வேஷம் போடாமல் அந்தப் பேனர் மென்பொருளை வந்தபடியே விட்டிருந்தால் பதினொரு படமும் பத்திரமாக இருந்திருக்கும். யாரோ முகம் தெரியாதவர்கள் அக்காவின் படத்துக்குக் காவல் வைத்திருந்தார்கள். கை சுகத்துக்காக அந்தக் காவலை எடுத்தவன் நான்.

அப்போதும் புத்தி போனதைப் பாருங்கள். கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்து விடலாம் என்று தூரிகைக் கருவியை எடுத்தேன். நீலத்தின் மேல் கறுப்பைப் பூசினேன். பத்து வருடக் கை, தத்ரூபமாக வந்தது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"வாணாம். நீ வரைஞ்ச கறுப்பு எனக்கு எதுக்கு? ஆத்துலயே நெசமா இருந்திச்சே."

முகாமுக்கு அன்றுதான் கடைசி நாள். நான் வந்து சொல்கிறேன் அக்கா, தப்பு என்னுடையது என்று அதிகாரியிடமே சொல்கிறேன் என்று எழுந்தேன். கடைச் சீல் வைத்து ஒரு கடிதம் கொடுங்கள் அண்ணே என்று முதலாளியிடம் கேட்டேன். சீலை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டுச் சாவியைத் திருப்பினார். "கடை பேரு கலீஜ் ஆயிடும் நைனா" என்றார். திருட்டுப் பிரதியில் பத்து வருடம் ஓடிய கடைக்கு இருந்த பேரு அது. அந்த நிமிடம் அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முகாம் நடந்த சமுதாயக் கூடத்துக்குப் போனபோது பாதி நாற்காலியை மடித்து வைத்திருந்தார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். கணினி, நிரல், வெள்ளை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரிஜினல் எங்கே?"

"நான்தான் சார் அழிச்சுட்டேன்."

"சரி. ஒரிஜினல்ல தண்ணி கறுப்பா இருந்ததுன்னு நீங்க எழுதிக் கொடுங்க. இந்தம்மாதான் அதுல நின்னாங்கன்னும் எழுதுங்க. நான் சேர்த்து அனுப்பறேன். நீங்க பார்த்தீங்கல்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொரு படத்தையும் திறந்தவன் நான், வெட்டியவன் நான், அச்சடித்தவன் நான். ஆனால் திறக்கும்போதே வெளுத்துத் திறக்க வைத்தவனும் நான்தானே. கறுப்பைக் கஸ்டமர் பார்க்கக் கூடாது என்று செய்தது, என் கண்ணிலும் காட்டவில்லை. அந்த ஆற்றின் கறுப்பை நான் ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை.

பார்த்தேன் சார் என்று ஒரு வார்த்தை. ஆறு கறுப்பாக இருந்தது ஊருக்கே தெரியும். அந்த வார்த்தையால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பொய் சொல்கிற வாய் இது. சர்க்கார் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்றதும் பயந்துவிட்டது.

"பார்க்கல சார்" என்றேன்.

அதிகாரி பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்புறம் நான் என்னம்மா பண்றது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பட்டியலில் அக்கா பெயர் ஏறவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். மன்னித்துவிடுங்கள் அக்கா என்று ஆரம்பித்தேன். அவர் கவரைச் சுருட்டி, கையோடு கொண்டுவந்திருந்த பறிக்குள் செருகிக்கொண்டிருந்தார். விரல் நகங்களின் ஓரத்தில் கறுப்பு இன்னும் போகவில்லை. அதை அந்தக் கூடத்தில் அதிகாரியும் பார்க்கவில்லை, காட்டச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

"எங்கிட்ட பிரிண்டுல சரியா வந்துடும்னு சொன்ன. நான் நம்புனேன்" என்றார். "அவங்கிட்ட மட்டும் உனக்கு நெசம் வருதா தம்பி?"

முகத்துவாரம் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் கடைக்குத் திரும்பி வந்து கன்ட்ரோல் எஸ்ஸைப் பழையபடி மாற்றினேன், 'வெள்ளை'யை அழித்தேன். இப்போது ஒவ்வொரு படமும் கறுப்பாகவே திறக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் கலர் ஏத்தச் சொல்கிறார்கள், நானும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.